பழ ஈயும் பம்புசெட் அண்ணனும்

ஆறு வருஷமாகப் பழ ஈக்களின் ஆண்மையை ஆராய்ந்துகொண்டிருக்கிறேன். என் வீட்டு ஆண்பிள்ளை ஒருவரை ஒரு சாதாரண டெஸ்டுக்கு அனுப்ப என்னால் முடியவில்லை. எனக்கு எதற்கு டாக்டர் பட்டம்?

அண்ணன் சீனிவாசலுவுக்குக் கணபதி ஏரியாவில் பம்புசெட் பட்டறை. கல்யாணமாகி ஒன்பது வருஷம், குழந்தை இல்லை. பத்மாவதி அண்ணிக்கு இரண்டு ஆபரேஷன் முடிந்து, இந்த வெள்ளிக்கிழமை மூன்றாவது. வயிற்றில் துளை போட்டு இன்னொரு தடவை பார்ப்பார்களாம். "வீட்டுக்காரரைச் சோதிச்சாச்சா?" என்று டாக்டரம்மா கேட்டபோது, "அதெல்லாம் பார்த்தாச்சுங்க, நார்மலுங்க" என்று அண்ணனே சொல்லியிருக்கிறார். பார்க்கவே இல்லை. எங்கள் ஊரில் 'ங்க' போட்டுச் சொல்லிவிட்டால் பொய்யைக்கூட யாரும் மறுத்துப் பேசமாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட உட்கார்ந்தபோது பிடித்துக்கொண்டேன். புத்தகத் தமிழில் சொன்னால் காதில் ஏறாது என்று பட்டறையையே இழுத்தேன்.

"அண்ணா, விந்தணு வளர்றப்ப கடைசியில ஜீனையெல்லாம் இறுக்கி மூட்டை கட்டிப்போடுமுங்க. அப்புறம் புதுசா எதையும் எழுத முடியாது. அதனால வேணுங்கற டிராயிங்கை முன்னாடியே நகல் எடுத்து வெச்சுக்கும். அந்த நகல்தான் ஆர்.என்.ஏ. அதை நேரம் வர்ற வரைக்கும் பூட்டி வெக்கறதுக்கும், நேரத்துக்கு எடுத்துக் கொடுக்கறதுக்கும் தனித்தனியாப் புரோட்டீன் இருக்குது. உங்க பட்டறை ஃபோர்மேன் மாதிரி. ஈயில அப்படி ஒரு ஃபோர்மேன் இல்லாம பண்ணிட்டா, டிராயிங் அலமாரியிலயே கிடக்கும். விந்தணு பாதியில நின்னுபோகும்."

"ஈக்குத்தானே அம்மணி?"

"மனுசனுக்கும் அந்த மாதிரி ஃபோர்மேனைச் செய்யற ஜீன் ஒண்ணை ரெண்டு வருஷம் முன்னாடி கண்டுபிடிச்சுட்டாங்க. அது இல்லாத சில பேருக்கு விந்தணுவே கிடையாது. ஆளைப் பார்த்தா ஜம்முன்னு இருப்பாங்க. உங்களுக்கு அப்படின்னு நான் சொல்லலைங்க. ஒரு டெஸ்ட் எடுங்கன்னுதான் சொல்றேன்."

ரசத்தை உறிஞ்சிவிட்டு எழுந்து போய்விட்டார். அம்மா என்னை முறைத்தாள்.

ஆனால் புதன்கிழமை மத்தியானம் ஆய்வுக்கூட வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு லேப் கடுதாசி.

"ஒண்ணுமே இல்லைங்கறான் அம்மணி. பூஜ்யமாம்."

இத்தனை நாள் திட்டியதற்கெல்லாம் வருத்தப்பட்டேன். அது ஒரு நிமிஷம்தான் நீடித்தது.

"அந்த ஃபோர்மேன் புரோட்டீன் ஒரு சாம்பிள் கொடு. அளவெடுத்து நம்ம பட்டறையிலயே செஞ்சுபோடலாம். ஜெர்மன் பம்பையே பிரிச்சுப் பார்த்துச் செஞ்சவன் நான்."

தலையில் அடித்துக்கொண்டேன். "அது கண்ணுக்கே தெரியாதுங்கண்ணா. உங்களுக்கு அதுதான் குறையான்னும் தெரியாது. அதைப் பார்க்கிற வசதி இங்க இல்லை. இருந்தாலும் ஸ்பேர் மாத்தற மாதிரி மாத்த முடியாது."

"அப்புறம் ஆறு வருஷமா என்னதான் படிச்சே?"

நியாயமான கேள்வி. பதில் இருந்தால் அவருக்கு முன்னால் என் கைடுக்குச் சொல்லியிருப்பேன்.

"முதல்ல ஆபரேஷனை நிறுத்துங்க. அண்ணிகிட்ட இன்னைக்கே சொல்லுங்க."

"சொல்லிப்போடறேன்."

வியாழக்கிழமை காலையில் போன் செய்தேன். நல்ல நேரம் பார்த்துச் சொல்வாராம். சாயங்காலம் செய்தேன். பட்டறையில் லோடு ஏற்றுகிறாராம். அவருக்கு லோடு, அண்ணிக்குக் கத்தி.

வெள்ளிக்கிழமை காலை ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அண்ணி பச்சை அங்கியில் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அண்ணன் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டிருந்தார். அவர் சொல்லவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. இனி நானே சொல்லிவிடுவது என்று அண்ணியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். "நீ சொல்லாதே கண்ணு," என்றாள் மெதுவாக. "நேத்து சட்டையைத் துவைக்க எடுக்கறப்ப ரிப்போர்ட்டைப் பாத்துட்டேன். அவரே சொல்லட்டும்."

நேற்றிலிருந்து பொறுத்துக்கொண்டிருக்கிறாள்.

நர்ஸ் ஒரு படிவத்தோடு வந்தாள். "சம்மதப் பத்திரமுங்க. வீட்டுக்காரர் கையெழுத்துப் போடோணும்."

அண்ணன் அதை வாங்கி, ஆர்டர் கடிதம் படிப்பதுபோல முதலிலிருந்து கடைசி வரை படித்தார். என்னைப் பார்த்தார். அண்ணியைப் பார்த்தார். அண்ணி கண்ணை எடுக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் தொண்டையைச் செருமினார். சொல்லப்போகிறார் என்றே நம்பினேன்.

"பேனா இருக்குங்களா?" என்று நர்ஸிடம் கேட்டார்.

கையெழுத்துப் போட்டார். கீழே தேதியும் போட்டார்.

அண்ணி கட்டிலை விட்டு இறங்கினாள். "சிஸ்டர், என் சேலையை எடுத்துக் கொடுங்க. எனக்கு ஆபரேஷன் வேண்டாம்."

"ஏன் பத்மா, பயமா இருக்குதா?" என்றார் அண்ணன்.

அண்ணி அவர் கையிலிருந்த படிவத்தை வாங்கி நாலாக மடித்தாள்.

"இது எங்கிட்ட இருக்கட்டுங்க. உடுமலைப்பேட்டையில போய் இறங்கினதும், எதுக்கு வந்தேன்னு எங்கப்பா கேப்பாருங்க."