குண்டு வத்தலும் என் பெயரும்

மிளகாய் வத்தலை வெடிகுண்டு என்று யாராவது நினைப்பார்களா? நினைத்தார்கள். அதுவும் பெரிய படிப்புப் படித்தவர்கள். இரண்டாயிரத்து ஒன்பதாம் வருஷம் மாசி மாதம், ராமநாதபுரத்தில் குருநாதன் மாமாவின் கமிஷன் கடையில் உட்கார்ந்து அந்தக் கூத்தை நான் கண்ணால் பார்த்தேன்.

என் பெயர் நஸீரா, ஊர் கீழக்கரை. கம்ப்யூட்டர் படித்துவிட்டு, கல்யாணப் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாமல் வெப்சைட் செய்து கொடுத்துக்கொண்டிருந்தேன். என்னோடு கல்லூரியில் படித்த சேதுலட்சுமியின் அப்பாதான் குருநாதன் மாமா. உத்தரகோசமங்கைப் பக்கம் நிலம், டவுனில் மிளகாய் வத்தல் கமிஷன் கடை. துபாயிலும் மலேசியாவிலும் இருக்கிற வியாபாரிகள் தினமும் சரக்கு நிலவரத்தைப் பார்க்க ஒரு வெப்சைட் வேண்டும் என்றார். ஆனால் அவர் தமிழில்தான் எழுதுவார், அவர்களுக்கு இங்கிலீஷில்தான் படிக்கத் தெரியும்.

வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று இன்டர்நெட் வழியாகவே மொழிபெயர்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தது. தமிழை அப்போதுதான் சோதனைக்கு விட்டிருந்தார்கள். கணக்குத் தொடங்கினால் ஒரு சாவி தருவார்கள். சாவி என்றால் நீளமாக ஓர் எழுத்து வரிசை, அவ்வளவுதான். மாமா தமிழில் தட்டுவதை என் புரோகிராம் அந்தச் சாவியோடு அவர்களுக்கு அனுப்பும். இங்கிலீஷ் திரும்பி வந்து பக்கத்தில் ஏறும். சொல்ல எளிது. தமிழ் எழுத்தெல்லாம் கேள்விக்குறியாக வந்து விழுந்து என் உயிரை எடுத்துவிட்டுத்தான் ஓட ஆரம்பித்தது. கணக்கு என் பெயரில். வெப்சைட்டிலும் செய்தவர் என்று என் பெயர். அதைப் பார்த்த அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை.

எங்கள் பக்கத்து உருண்டை மிளகாய்க்குக் குண்டு மிளகாய் என்று பெயர். காய்ந்தால் குண்டு வத்தல். கமிஷன் கடைக்காரர்கள் வத்தலையும் விழுங்கிவிட்டு வெறும் குண்டு என்பார்கள். சோதித்துப் பார்த்தபோது நான் பாடப்புத்தகத் தமிழில் ‘மிளகாய் வற்றல்’ என்று எழுதினேன், ஒழுங்காக வந்தது. மாமா முதன்முதலில் தன் கையால் தட்டியது இது: “புதுக் குண்டு நாளை இறங்குது. காரம் ஜாஸ்தி. துபாய்க்கு இருபது மூட்டை ரெடி.”

புதிய வெடிகுண்டு நாளை தரையிறங்குகிறது, துபாய்க்கு இருபது மூட்டை தயார் என்று அது இங்கிலீஷில் போய் நின்றது.

மறுநாள் காலையில் சாவி செத்துவிட்டது. ஆபத்தான வாசகம் அனுப்பியதால் கணக்கை முடக்கியிருக்கிறோம், எங்கள் சென்னை அலுவலகம் தொலைபேசியில் பேசும் என்று மெயில் வந்தது. சேதுலட்சுமி விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். மாமா சிரிக்கவில்லை.

சென்னை அலுவலகத்துக்காரர் கூப்பிட்டபோது எல்லோரும் கேட்கட்டும் என்று போனை ஸ்பீக்கரில் போட்டேன். அவர் இங்கிலீஷில் விசாரித்தார். நஸீரா என்பதுதான் முழுப்பெயரா? அப்பா பெயர் என்ன? மீரா சாகிபு என்றேன். அவர் எங்கே வேலை பார்க்கிறார்? துபாயில் என்றேன். “ஓஹோ” என்றார். வத்தலைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. அந்த ஓஹோவில் எனக்கு உச்சி வரைக்கும் ஏறிவிட்டது.

“சார், உங்களுக்குத் தமிழ் தெரியுமா?”

“தெரியும். நான் சென்னைதான்.”

“உங்க வீட்டுல கொழுகொழுன்னு ஒரு பிள்ளை இருந்தா என்னன்னு கூப்பிடுவீங்க?”

“என் தம்பியக் குண்டுன்னுதான் கூப்பிடுவோம்” என்றார்.

“அவர எந்த ஸ்டேஷன்ல ஒப்படைச்சீங்க?”

மனிதர் சிரித்துவிட்டார். எங்கள் மிஷின் தப்பாகப் படித்துவிட்டது, புரிகிறது என்றார். ஆனால் கணக்கைத் திறக்க இரண்டு காரியம் செய்யுங்கள் என்றார். குண்டு என்ற சொல்லை விட்டுவிட்டு உருண்டை என்று எழுத வேண்டும். கணக்கைக் கடை முதலாளி பெயருக்கு மாற்ற வேண்டும். “அப்படிச் செஞ்சா மேல இருக்கிறவங்க எதுவும் கேக்க மாட்டாங்க மேடம். கலந்து பேசிக்குங்க, மறுபடி கூப்பிடுறேன்.”

போனை வைத்ததும் மாமா எகிறினார். “குண்ட மாத்துறதா? எங்கய்யா காலத்துலருந்து குண்டுன்னுதேன் ஏலம் விடுறோம். உருண்டைன்னு போட்டா வாங்குறவன் எள்ளுருண்டையின்னு நெனைப்பான். முடியவே முடியாது!”

மாற்ற வேண்டாம் என்றேன். அதற்கு ஏற்கெனவே வழி யோசித்து வைத்திருந்தேன். மொழிபெயர்க்க அனுப்பும் முன் குண்டு என்ற சொல்லைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஓர் எண்ணைச் செருகுவது. எண்ணை மிஷின் தொடாது. இங்கிலீஷ் திரும்பி வந்ததும் எண்ணை எடுத்துவிட்டு, குண்டு என்பதையே இங்கிலீஷ் எழுத்தில் மாட்டிவிடுவது. மாமாவுக்கு முகம் தெளிந்துவிட்டது.

“அப்பச் சரி. பேர மட்டும் எம்பேருக்கு மாத்திரு தாயி. சைட்டுலயும் ஒம்பேரு வேணாம். ஒன் நல்லதுக்குத்தேன் சொல்றேன்.”

சென்னைக்காரர் சொன்னபோது கோபம் மட்டும்தான் வந்தது. மாமா சொன்னபோது வலித்தது. அவர் வீட்டில் எத்தனை நாள் சாப்பிட்டிருக்கிறேன்! கண் கலங்கியது. ஆனால் அழுதால் பேச்சு நின்றுவிடும் என்று எனக்குத் தெரியும்.

“மாமா, வத்தலுக்குப் பேர மாத்தச் சொன்னா உங்களுக்குப் பொத்துக்கிட்டு வருது. எனக்கு மாத்தச் சொன்னா வரலையா?”

“அது வேற தாயி, இது வேற.”

“ஒண்ணும் வேற இல்ல. அது மிஷின் தப்பாப் படிச்ச பேரு. இது மனுசங்க தப்பாப் படிக்கிற பேரு. வத்தல ஒளிச்சு வைக்க மாட்டீங்க, நான் மட்டும் ஒளிஞ்சுக்கிறணுமா? எங்க வாப்பா வச்ச பேரு இது. இது இல்லாட்டி இந்த சைட்டும் இல்ல. எல்லாத்தையும் அழிச்சுட்டுப் போயிருவேன்.”

உண்மையாகவே அழித்திருப்பேன். மாமா மகளைப் பார்த்தார்.

“என்னையப் பாக்காதீக அய்யா. நான் அவ பக்கந்தேன்” என்றாள் சேதுலட்சுமி.

போன் அடித்தது. அதை எடுத்து ஸ்பீக்கரில் போட்டு மாமா முன்னால் வைத்தேன். “நீங்களே சொல்லுங்க” என்றேன். அவர் வேட்டியைச் சரி செய்தார். மின்விசிறியைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

“குருநாதன் பேசுறேன். சரக்கு பேரு குண்டு. செஞ்ச பிள்ளை பேரு நஸீரா. ரெண்டையும் மாத்துறதுக்கில்ல.”

சென்னைக்காரர் பெருமூச்சு விட்டார். அப்படியானால் மேலிடத்திலிருந்து கேள்விமேல் கேள்வி வரும், கணக்குத் திறக்க நாளாகும், திறக்காமலும் போகலாம் என்றார். மாமா என்னைப் பார்த்தார். நான் போன் பக்கம் குனிந்தேன்.

“கேக்கட்டும் சார். எம்பேர்லயே கேக்கச் சொல்லுங்க. எத்தனை கேட்டாலும் நான்தான் பதில் சொல்லுவேன்.”