கனிந்ததற்குச் சாட்சி

எங்கள் அகராதி அலுவலகத்தில் ஒரு விதி உண்டு. எடுத்துக்காட்டு வாக்கியம் உண்மையில் நடந்ததாக இருக்க வேண்டும். 'நாய் குரைத்தது' என்று எழுதினால் தலைமை ஆசிரியர் கேட்பார்: "எந்த நாய்? யார் பார்த்தது?" எழுதியவர் அல்லாத ஒருவர் ஓரத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். வாசல் காவலாளி நிறைய நாய்களுக்குச் சாட்சி. அகராதி இன்னும் பாதியைத் தாண்டவில்லை.

தலைமை ஆசிரியருக்கு நாங்கள் வைத்த பெயர் பாய்லர். அது அவருக்குத் தெரியும். அந்தச் சொல்லுக்கு யாரும் வாக்கியம் தராதபோது அவரே எழுதினார்: 'இந்த அலுவலகத்தில் ஒரு பாய்லர் இருக்கிறது.' எல்லோரும் வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டோம்.

ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழில் பொருளும் எடுத்துக்காட்டும் எழுதுவது அவர் மகள். அரபுக்குக் கொண்டுபோவது நான். இரண்டு மேசைகளுக்கும் நடுவே ஒரு மின்விசிறி. அதற்குக்கூடக் கேட்காதபடி கல்யாணம் செய்துகொள்வதாக முடிவுசெய்திருந்தோம். பாய்லரிடம் யார் சொல்வது என்பதில்தான் இழுபறி.

"நீ சொல்லு. உன் அப்பாதானே."

"இங்க எனக்கும் அவர் சார்தான்."

ஞாயிற்றுக்கிழமை ஓர் இன்ஜினியர் வீட்டார் அவளைப் பார்க்க வருவதாக இருந்தது. ஏற்பாடு பாய்லருடையது.

அந்த வாரம்தான் 'மெலோ' வந்தது. மெல்ல மெல்ல மாறுவதைச் சொல்லும் ஆங்கில வினைச்சொல். அவள் மூன்று பொருள் எழுதினாள். ஒன்று, பழம் கனிவது. அரபில் 'நளிஜ' என்று போட்டேன். அவள் இழுப்பறையில் சப்போட்டா வைத்திருந்தாள். கணக்கர் ஒன்றைத் தின்றுவிட்டுக் கையெழுத்துப் போட்டார். இரண்டு, ஒளியோ குரலோ உறுத்தல் குறைந்து இதமாவது. 'லான'. மாலை வெயிலுக்குக் காவலாளி சாட்சி. மூன்று, முன்கோபி வயதாக ஆக இளகுவது.

"இதுக்கும் நளிஜ போடலாமா?" என்றாள்.

"அது பக்குவப்படுறது. வளர்ற பசங்களுக்குச் சரி. 'ஹதஅ' போடலாம். தணியறது. புயலுக்கும் சொல்வாங்க."

"அப்ப அதான்."

எடுத்துக்காட்டை எழுதி என் பக்கம் தள்ளினாள். 'கூட வேலை பார்ப்பவனைக் கட்டிக்கொள்ளப் போவதாக மகள் சொன்னதும் முன்கோபியான தந்தை கனிந்தார்.'

இரண்டு முறை படித்தேன். "இத மொழிபெயர்க்கணுமா?"

"அதுக்குத்தானே சம்பளம்."

மொழிபெயர்த்தேன். வலமிருந்து எழுதினாலும் முற்றுப்புள்ளி வந்துதான் தீர்கிறது. தாள் பாய்லர் அறைக்குள் போனது.

"ரெண்டு பேரும் வாங்க!"

போனோம். பாய்லர் தாளை விரலால் தட்டினார்.

"அரபு சரியா இருக்கு."

"நன்றி சார்."

"பாராட்டல. சரியா இருக்குன்னு சொன்னேன்." மகளைப் பார்த்தார். "யார் பார்த்தது?"

"இன்னும் நடக்கலப்பா. இப்பதான் சொல்றேன்."

"அப்பாவா? சார் எங்க போனாரு?"

"வெளிய நிக்கிறாரு. கூப்பிடவா?"

அவர் காது சிவந்தது. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் கணக்கர் தேநீர்க் கோப்பையை மேசை ஓரத்திலிருந்து உள்ளே நகர்த்தினார். அவருடைய வழக்கமான முன்னெச்சரிக்கை. நான் கதவு எவ்வளவு தூரம் என்று பார்த்துக்கொண்டேன்.

வெடிக்கவில்லை.

"வாக்கியம் நீ எழுதினது. உன் சாட்சி செல்லாது. அரபு இவன் எழுதினது. இவனும் செல்லாது."

"கணக்கர் இருக்காரே."

"சப்போட்டாவுக்கு விலைபோனவன்." தாளை மறுபடி பார்த்தார். "மெல்ல மெல்லன்னு நீயே பொருள் எழுதிட்டு, நின்ன இடத்துலயே கனியச் சொன்னா எப்படி? பழத்துக்கு எவ்வளவு நேரம் குடுத்த?"

"இழுப்பறைல வச்சா சீக்கிரம் ஆயிடும் சார்," என்றேன்.

"என்னை எந்த இழுப்பறைல வைக்கப்போற?"

தாளை 'நிலுவை' தட்டில் போட்டார். வெளியே வந்தோம்.

மறுநாள் என் வணக்கத்துக்கு 'ம்' என்றார். அதுவே புதிது. அவளிடம் வீட்டில் ஒரு வார்த்தை பேசவில்லையாம். கத்தவும் இல்லையாம். "அம்மா ரெண்டு தடவ அவர் நெத்தில கை வச்சுப் பார்த்துட்டாங்க," என்றாள்.

அதற்கடுத்த நாள் மாடிப்படியில் என்னை நிறுத்தினார்.

"வீட்ல யாரெல்லாம்?"

"அம்மா மட்டும் சார்."

"கண்ணு நல்லாத் தெரியுமா?"

"கண்ணாடி போட்டா ஊசில நூல் கோப்பாங்க."

"எழுதப் படிக்க?"

"ஸ்கூல் டீச்சரா இருந்தாங்க சார்."

"கோவம் வருமா?"

"உங்க அளவுக்கு இல்ல சார்."

வாய் தவறி வந்துவிட்டது. அவர் கைப்பிடியை இறுகப் பிடித்தார். பிறகு படி இறங்கிப் போனார்.

சனிக்கிழமை தாள் என் மேசையில் இருந்தது. வாக்கியத்தை அடிக்கவில்லை. ஓரத்தில், சாட்சிக்கான இடத்தில், பென்சிலால் எழுதியிருந்தார்: 'பையனின் தாய். ஞாயிறு மாலை, எங்கள் வீட்டில்.'

அவள் மின்விசிறிக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"இன்ஜினியர் வீட்டுக்கு ஃபோன் பண்ணிட்டாரு."

"என்ன சொன்னாரு?"

"வர வேணாம், ஆஃபீஸ் வேலை இருக்குன்னு. ஒரு எடுத்துக்காட்டச் சரிபார்க்கணுமாம்."

உள்ளேயிருந்து குரல் வெடித்தது. "டேய்! சாட்சிய மூக்குக்கண்ணாடியோட வரச் சொல்லு!"

கணக்கர் கோப்பையை நகர்த்தினார்.