கடைசி நாலு பக்கம்

வாட்ஸ்அப் குழுவில் அந்த அட்டைப்படம் வந்து விழுந்தபோது தினகரன் ஆவடியில், ஃபேக்டரி கேன்டீனில், தயிர்சாதம் பிசைந்துகொண்டிருந்தான். ‘உப்புப் பாலைவனம்’. ரேஞ்சர் டுவால் காமிக்ஸ் வரிசையில் பதினேழாவது புத்தகம், விலை ஒன்றரை ரூபாய். படத்துக்குக் கீழே கிருஷ்ணப்பிரியா எழுதியிருந்தாள்: “கிடைச்சிடுச்சு! வேப்பம்பட்டுல ஒரு பழைய வாடகை நூலகத்தைக் காலி பண்ணாங்க. தொண்ணூத்தாறு பக்கமும் அப்படியே இருக்கு.”

தொண்ணூற்றாறு பக்கமும். அதற்கு மேல் ஒரு வாய் இறங்கவில்லை அவனுக்கு. நாற்பது பேர் இருக்கிற குழுவில், கை கழுவிவிட்டு வருவதற்குள் முப்பத்தெட்டுப் பேர் இதயம் போட்டிருந்தார்கள். போடாதவர்கள் இரண்டே பேர். ஒருத்தி, படத்தைப் போட்டவள். இன்னொருவன் தினகரன்.

அம்பத்தூர் வட்டாரக் காமிக்ஸ் வாசகர் வட்டம் என்று பெயர். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்பத்தூர் ஓ.டி.யில் ஒரு டியூஷன் சென்டர் மாடியில் கூடுவார்கள். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்ற ஜம்புலிங்கம் தலைவர். மெடிக்கல் ஷாப்காரர், பேங்க் கிளார்க், ஆட்டோ ஓட்டுகிற முகமது இஸ்மாயில் என்று பெரும்பாலும் தலை நரைத்த பிள்ளைகள். டுவாலின் முதல் பத்துக் கதைகள் உசத்தியா, அடுத்த பத்தா என்று ஆரம்பித்தால் அவரவர் வீட்டில் மதியச் சோறு ஆறிப்போகும். பழைய கதையைக் கலரில் மறுபதிப்புப் போடலாமா கூடாதா என்று ஒரு தடவை மெடிக்கல் ஷாப்காரரும் பேங்க் கிளார்க்கும் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். வருஷத்துக்கு ஒரு முறை திருமுல்லைவாயிலில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தை எடுத்துப் பெரிய சந்திப்பு நடக்கும். பிரியாணிக்குப் பிறகு அதன் கடைசி நிகழ்ச்சி எப்போதும் ஒன்றுதான். தினகரன் எழுந்து ‘உப்புப் பாலைவன’த்தின் கடைசி நாலு பக்கத்தைச் சொல்லுவான்.

ஏனென்றால் அந்தப் புத்தகத்தைப் படித்தவன் அவன் ஒருவன்தான். அதைப் போட்ட அச்சகம் எப்போதோ மூடிவிட்டது. மற்ற டுவால் கதைகள் எல்லாம் யாரிடமாவது இருந்தன, இது மட்டும் ஒருத்தருக்கும் அகப்படவில்லை. தினகரனிடம் இருந்த பிரதியும் இரண்டாயிரத்துப் பதினைந்து வெள்ளத்தில் கூழாகிப் போனது.

அவன் சொல்லுகிற அழகே தனி. டுவால், அவன் பிடித்துக்கொண்டு போகிற கைதி கோமஸ், டுவாலின் சாம்பல் நிறக் குதிரை. பாலைவனத்தில் வழி தவறிவிட்டது. குடுவையில் ஒரே ஒரு வாய்த் தண்ணீர். கோமஸ் பாய்கிறான், டுவால் துப்பாக்கியை உருவுகிறான். இந்த இடத்தில் தினகரன் நிறுத்தி, கூடத்தை ஒரு சுற்றுப் பார்ப்பான்.

“சுட்டான். கோமஸை இல்ல. குடுவைய! தண்ணி உப்புல கொட்டிப் போச்சு. இப்ப ரெண்டு பேருக்கும் இல்ல. சண்டை போட ஒன்னுமே இல்ல. விலங்கைக் கழட்டி வீசிட்டு, ரெண்டு பேரும் சமமா நடந்தாங்க.”

விசில் பறக்கும். இஸ்மாயில் தன் ஆட்டோவின் முதுகிலேயே ‘குடுவையைச் சுடு’ என்று எழுதி வைத்திருந்தான். அதைப் பார்க்கிற சவாரிக்காரர்கள் ஏதோ மதுவிலக்குப் பிரசாரம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

இதில் ஒரே ஒரு சங்கடம். அந்த முடிவைத் தினகரன் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கிய அவன் பிரதி தொண்ணூற்றிரண்டாம் பக்கத்தோடு, உருவிய துப்பாக்கியோடு, நின்றுபோயிருந்தது. பன்னிரண்டு வயசில் மூன்று நாள் மண்டையைக் குடைந்துகொண்டு அவனே முடித்துக்கொண்டது அது. முதல் சந்திப்பில் யாரோ கேட்க, வாய் தவறிச் சொல்லிவிட்டான். விசில் சத்தத்தைக் கேட்ட பிறகு திருத்த மனசு வரவில்லை. எட்டு வருஷம் ஓடிவிட்டது. ஃபேக்டரியில் அவன் ஆயிரம் ஃபிட்டர்களில் ஒருத்தன். இங்கே அவன் தினா அண்ணாத்தே.

கிருஷ்ணப்பிரியா வருகிறவரைக்கும் அப்படித்தான் இருந்தது. கொரட்டூர்ப் பெண், இருபத்தாறு வயசு, அம்பத்தூர் எஸ்டேட்டில் கம்ப்யூட்டர் வேலை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் வந்து சேர்ந்தாள். தானே கதை எழுதி, படம் வரைந்து, ஜெராக்ஸ் எடுத்துப் பின் அடித்துக் கொண்டுவந்தாள். கொரட்டூர் ஏரியைக் காவல் காக்கிற ஒரு பெண்ணின் கதை. நந்தம்பாக்கத்தில் பெரிய காமிக்ஸ் கண்காட்சி நடந்தபோது மேஜை போட்டு விற்றாள், முகமூடி மாட்டிக்கொண்டு போட்டோவுக்கு நின்றாள். அதிலிருந்து வட்டத்தில் எதற்கெடுத்தாலும் பிரியா. ஜம்புலிங்கமே, “பிரியாவைக் கேட்டுடலாம்” என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். அவள் மற்றவர்களை எல்லாம் அண்ணா என்றாள், தினகரனை மட்டும் அங்கிள் என்றாள். அது வேறு.

“மூணு பாகம் போட்டா. நாலாவது எங்க? ஒரு வருஷமா காணோம். ஆரம்பிக்கத்தான் தெரியும் அவளுக்கு, முடிக்கத் தெரியாது,” என்று பெண்டாட்டி சுதாவிடம் சொல்லிச் சிரிப்பான். சுதா, “உனக்கு ஏன் வயிறு எரியுது?” என்பாள். எரியத்தான் செய்தது. அவள் படத்தைப் பார்க்கிறபோதெல்லாம் எரிந்தது, நன்றாக இருந்ததால் எரிந்தது.

வருஷச் சந்திப்புக்கு முந்தின நாள், சனிக்கிழமை மத்தியானம், அவள் ஸ்கூட்டரில் அவன் வீட்டுக்கே வந்தாள். கிழிந்த புத்தகங்களைத் தைத்து ஒட்டித் தருகிற கைவேலை வட்டத்தில் அவனுக்குத்தான் தெரியும்.

“அங்கிள், அடிச்சிருக்கிற பின் துருப்பிடிச்சுப் போச்சு. நாளைக்கு எல்லார் கையும் படும். நீங்க சரி பண்ணிக் குடுங்க.” பிளாஸ்டிக் உறையிலிருந்து புத்தகத்தை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினாள். கடைசித் தாள்களைச் சேர்த்து ஒரு க்ளிப் போட்டிருந்தது. “இந்த நாலு பக்கத்தை மட்டும் நான் பாக்கல.”

“ஏம்மா?”

“நாளைக்கு நீங்க எப்பவும் போல சொல்லுங்க. சொல்லிட்டு நீங்களே பிரிச்சுப் படிங்க. நீங்க சொன்னதும் படமும் ஒன்னா வர்றத எல்லாரோடயும் சேர்ந்து பாக்கணும். அந்தக் குடுவைக்காகத்தான் ரெண்டு வருஷமா இதைத் தேடினேன்.”

ஆழம் பார்க்கிறாளோ என்று அவள் முகத்தை உற்றுப் பார்த்தான். இல்லை, நிஜமாகவே சந்தோஷமாக இருந்தாள். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

அவள் போனதும் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தான். துரு, தாளுக்குள் பழுப்பாக இறங்கியிருந்தது. பின்னைக் கழற்றும்போது கடைசி இரண்டு தாளும் பொடிந்துபோய்விட்டன என்று சொன்னால் ஒருத்தரும் மறுபேச்சுப் பேச மாட்டார்கள். அவளே, “பரவாயில்ல அங்கிள்” என்பாள். அப்புறம் அடுத்த வருஷமும் குடுவை, அதற்கடுத்த வருஷமும் குடுவை. கெட்ட எண்ணம்தான். வந்துவிட்டது, வந்ததும் நெஞ்சு லேசானது.

பின்னை நிமிர்த்திக் கழற்றினான். தாள் பொடியவில்லை. கிழிக்கிறதற்கு முன்னால் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று க்ளிப்பை எடுத்தான்.

தொண்ணூற்று மூன்றாம் பக்கம். டுவால் சுடவே இல்லை. துப்பாக்கியைக் காட்டிக் கோமஸைத் தள்ளி நிற்க வைக்கிறான். குடுவையைத் திறக்கிறான். தொப்பியைக் கவிழ்த்துப் பிடித்து, அந்த ஒரு வாய்த் தண்ணீரையும் அதில் ஊற்றிக் குதிரைக்குக் காட்டுகிறான். “பைத்தியமா உனக்கு?” என்கிறான் கோமஸ். டுவால் கடிவாளத்தைக் கழற்றி எறிகிறான். “நமக்கு வழி தெரியாது. அதுக்குத் தெரியும்.” பிறகு இரண்டு பக்கத்துக்குப் பேச்சே இல்லை. குதிரையின் வாலைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேர் தள்ளாடித் தள்ளாடி நடக்கிறார்கள். கடைசிக் கட்டத்தில் ஆள் யாரும் இல்லை, நாலு குளம்பு மட்டும், தண்ணீருக்குள்.

“அடப்பாவி,” என்றான் தினகரன், வாய்விட்டு.

மாட்டிக்கொள்வோமே என்ற பயம் போன இடம் தெரியவில்லை. அவனுக்கு வந்தது பொறாமை. கிருஷ்ணப்பிரியா மேல் பட்டதெல்லாம் இதற்கு முன்னால் சும்மா. பெயர்கூடப் போடாத எவனோ ஒருத்தன், எந்த தேசத்துக்காரனோ, பன்னிரண்டு வயசிலிருந்து தினகரன் பொத்தி வைத்திருந்த முப்பத்தாறு வருஷ முடிவை நாலு பக்கத்தில் ஊதிவிட்டுப் போயிருந்தான். குடுவையைச் சுடுவது வீறாப்பு. இது புத்தி. ஏன் எனக்குத் தோன்றவில்லை, ஏன், ஏன் என்று தொடையில் குத்திக்கொண்டான்.

சுதா டீயோடு வந்து நின்றாள். “இன்னாய்யா, மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி கீது?”

“குதிரை சுதா.”

“எந்தக் குதிரை?”

“பக்கத்துக்குப் பக்கம் என் கண்ணு முன்னாடியே நின்னுகினு இருந்துச்சு. நான் பாக்கவே இல்ல.”

“தண்ணி லாரி வர்ற நேரம். குடத்தை எடுத்து வெளிய வை, குதிரைய அப்பாலே பாத்துக்கலாம்,” என்று டீயை வைத்துவிட்டுப் போனாள்.

அந்த இரண்டு தாளையும் விரலிடையில் பிடித்தான். இழுத்தால் வந்துவிடும். இழுத்தால், அந்த நாலு குளம்பை இந்த உலகத்தில் இனி யாரும் பார்க்க முடியாது. இஸ்மாயில் பார்க்காமல் போவான். ஜம்புலிங்கம் பார்க்காமல் போவார். இந்த இடத்தைப் பார்த்துவிட்டு, “டேய், இங்க பாருடா” என்று பக்கத்தில் இருப்பவனை இடிக்காமல் இருக்க முடியுமா? அவனால் முடியாது. திட்டிக்கொண்டே ஊசியில் நூல் கோத்தான். எந்தப் புத்தகத்தையும் அவன் இவ்வளவு நன்றாகத் தைத்ததே இல்லை. முடித்ததும் கடைசித் தாள்களுக்குப் பழையபடி க்ளிப்பைப் போட்டான்.

மறுநாள் பிரியாணி முடிந்து, பீடா மென்றுகொண்டு எல்லோரும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார்கள். தினகரன் எழுந்தான். வழி தவறியது, ஒரு வாய்த் தண்ணீர் மிஞ்சியது, கோமஸ் பாய்ந்தது எல்லாம் வந்தன.

“துப்பாக்கிய உருவினான்,” என்று நிறுத்தினான். “இன்னா பண்ணான்?”

“குடுவைய!” என்று கூடம் மொத்தமும் கத்தியது.

“இல்ல,” என்றான். க்ளிப்பை எடுத்தான். படங்களைத் தூக்கிக் காட்டிக்கொண்டே, ஒரு வரி விடாமல் படித்தான். குளம்புக்கு வந்ததும் புத்தகத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தான். யாரும் விசில் அடிக்கவில்லை. மெடிக்கல் ஷாப்காரர் மட்டும், “குதிரைக்கா?” என்றார் மெதுவாக. “ஐயோ, குதிரைக்கு!”

இஸ்மாயில் எழுந்து நின்றான். “மாமே, அப்ப குடுவை?”

“என் புக்குல கடைசி நாலு பக்கம் இல்ல இஸ்மாயிலு. நானா சொன்னது.”

“எட்டு வருஷமா?”

“எட்டு வருஷமா.”

“வண்டி பின்னாடி எழுதிகினு சுத்தறேனேயா, லூசு மாதிரி!” இஸ்மாயில் பீடாவைத் துப்பிவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் படி இறங்கினான். ஆட்டோ கிளம்பும் சத்தம் கேட்டது. ஜம்புலிங்கம் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, அடுத்த வருஷத்திலிருந்து கடைசி நிகழ்ச்சியாக வேறு ஏதாவது வைக்கலாம் என்றார். இரண்டு மூன்று பேர் அதற்குத் தலையாட்டியது தினகரன் கண்ணில் பட்டது. பிறகு எல்லோரும் புத்தகத்தின் மேல் போய் விழுந்தார்கள். “இங்க பாருய்யா, இங்க பாருய்யா” என்று ஒருவரையொருவர் இடித்துக்கொண்டார்கள். அவன் நினைத்த மாதிரியே இடித்துக்கொண்டார்கள், அவனை மட்டும் யாரும் இடிக்கவில்லை.

சுவரோரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்தான். கிருஷ்ணப்பிரியா அந்தக் கும்பலுக்குள் போகாமல் நேராக அவன் முன்னால் வந்து நின்றாள். தன் புத்தகத்தைப் பார்க்கக்கூட இல்லை. திட்டப்போகிறாள் என்று தயாராக நிமிர்ந்தான்.

“அந்தக் குடுவை நீங்களா யோசிச்சதா?”

“ஆமாம்மா. தப்புதான்.”

“எத்தனை வயசுல?”

“பன்னெண்டு.”

“பன்னெண்டு,” என்று திருப்பிச் சொன்னாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள். “நாலாவது பாகத்துக்கு ஒரு வருஷமா உக்காந்திருக்கேன் அங்கிள். பதினோரு முடிவு எழுதிக் கிழிச்சுட்டேன். ஒன்னுகூட அப்படி வரல.” சிரிக்கப் பார்த்தாள், முகம் கோணிக்கொண்டது. கண் மட்டும் அவன்மேலேயே நின்றது, கொஞ்சம் சுருங்கி, கொஞ்சம் கடுத்து.

அந்தப் பார்வை தினகரனுக்கு நன்றாகத் தெரியும். இரண்டு வருஷமாக அவள் படங்களை அவன் பார்த்த பார்வை அது. வெட்கமாகத்தான் இருந்தது அவனுக்கு. ஆனாலும் வயிறு குளிர்ந்தது.