நான்காவது மணி

வீட்டுக்கு இன்டர்நெட் வந்த நாளிலிருந்து அக்காவின் பேக்ஸ் வரவில்லை. அக்காவுக்குக் காது கேட்காமல் போய்ப் பல வருடமாகிறது. கைப்பேசியைத் தொடவே மாட்டாள். தம்பியிடம் அவள் பேசுவதெல்லாம் தாளில்தான். பதிப்பகங்களுக்குப் புரூஃப் பார்த்துக்கொண்டு தனியாக இருக்கும் தம்பிக்கு, மத்தியானம் பேக்ஸ் மெஷினிலிருந்து கொரகொரவென்று வெளியே வரும் அந்த ஒரு தாள்தான் வீட்டில் நடக்கும் பேச்சு.

இப்போது தம்பி அனுப்புவதும் பாதியில் அறுந்தது. அக்கா மகள் போன் செய்தாள்.

“மாமா, அம்மா மேல என்ன கோவம்? இனிமே எழுதவே மாட்டாங்களாம்.”

“கோவமா? மெஷின் மக்கர் பண்ணுதும்மா.”

“சொல்லிப் பாத்துட்டேன். சாக்கு சொல்றான், என்னைக் கழட்டி விடப் பாக்கறான்ங்கறாங்க.”

மறுநாள் டெலிபோன் லைன்மேன் வந்து மேசைக்கடியில் தவழ்ந்தார்.

“பேக்ஸுக்கு ஃபில்டரே போடலையே சார்! இன்டர்நெட் இரைச்சல் உள்ள பூந்தா அது பாவம் என்ன செய்யும்?”

தீப்பெட்டி போன்ற ஒன்றைச் சுவருக்கும் பேக்ஸ் கம்பிக்கும் நடுவில் சொருகினார். ‘கோபமில்லை. உடனே எழுது’ என்று தம்பி எழுதி அனுப்பியதும் தாள் முழுசாகப் போனது.

“பதிலும் வரட்டும், பாத்துட்டே போறேன்.”

சற்று நேரத்தில் மணி அடித்தது. முதல் மணி ஓய்வதற்குள் தம்பி நாற்காலியை இடித்துத் தள்ளிக்கொண்டு பாய்ந்து, இன்டர்நெட்டோடு இலவசமாகக் கொடுத்து அதே லைனில் மாட்டியிருந்த புது போனை எடுத்தார்.

“ஹலோ! ஹலோ!”

கீ... கீ... என்றது. வைத்துவிட்டார். “பாத்தீங்களா? இன்னும் இரையுது. தினமும் இதே கதை.”

லைன்மேன் தலையில் கை வைத்துக்கொண்டார். “அது இரைச்சல் இல்ல சார், அந்தப் பக்கத்து பேக்ஸ் கூப்பிடுற சத்தம். உங்க மெஷின் நாலாவது மணியிலதான் எடுக்கும். நீங்க விட்டாத்தானே? லைன் கோளாறு தீந்தாச்சு. இப்போ கோளாறு நீங்கதான்.”

இத்தனை நாளும் காது கேட்காத அக்காவிடம்தான் ஹலோ ஹலோ என்று கத்தியிருக்கிறார்.

“இந்த போனைக் கழட்டிடவா? பேச யாராச்சும் கூப்பிடுவாங்களா?”

அக்கா மகளைத் தவிர ஒரு முகமும் நினைவுக்கு வரவில்லை. “இருக்கட்டுமே. யாராவது கூப்பிடலாம்.”

லைன்மேன் சிரிக்கவில்லை. “அப்போ கையைக் கட்டிட்டு உக்காருங்க” என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போனார்.

மறுபடி மணி அடித்தது. அவர் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டார். இரண்டாவது மணி. வேறு யாராவதாக இருந்தால் வைத்துவிடுவார்களே. மூன்றாவதில் கால் தானாக எழுந்தது. அதை மேசைக்காலில் கொக்கிபோட்டு நிறுத்திக்கொண்டார். நான்காவது மணியோடு வீடு அடங்கியது.

பிறகு கொரகொர.

‘மனுஷனா நீ?’ என்று தொடங்கி அக்கா வரி வரியாகத் திட்டிக்கொண்டே வெளியே வந்தாள். அவர் நாற்காலியை மெஷினருகே இழுத்துப் போட்டுக்கொண்டார். அக்காவுக்கு ஒரு தாள் போதவில்லை.