அறுபது வெள்ளை அம்பாசிடர்

“அம்மா, தாத்தா ஓட்டுற டிராக்டர் மட்டும் ஏம்மா கடையில இல்ல?”

மயிலாடுதுறைப் பொம்மைக் கடையில் நின்று இனியவன் இப்படிக் கேட்டபோது அவனுக்கு வயது ஐந்து. அலமாரி முழுக்க வெளிநாட்டுப் பந்தயக் கார்கள். பதில் தெரியாத செம்மொழி வீட்டுக்கு வந்து, அப்பா மருதையனின் டிராக்டரை இன்ச் டேப்பால் அளந்தாள். மெக்கானிக்கல் டிப்ளமோ படித்தவள். கம்ப்யூட்டரில் வரைந்து, ரப்பர் அச்செடுத்து, ரெசின் ஊற்றி, உள்ளங்கை அளவில் அதைச் செய்து முடிக்க மூன்று மாதம் ஆயிற்று. பார்த்தவர்களெல்லாம் தங்கள் வண்டியையும் கேட்டார்கள். கல்யாணத்துக்கு வாங்கிய புல்லட், கடனுக்கு விற்றுவிட்ட வேன் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு வண்டி நெஞ்சில் நின்றிருந்தது. அப்படித்தான் குத்தாலம் கடைத்தெருவில் ‘செம்மொழி மாடல்ஸ்’ பிறந்தது.

ஏழு வருஷம் ஓடிய கடை, இந்தத் தை மாதம் மூடும் நிலைக்கு வந்துவிட்டது. வேலையே இல்லை. அந்த நேரத்தில்தான் சிங்கப்பூரிலிருந்து பிரபு என்பவர் கூப்பிட்டார். அவருடைய அப்பா சிங்காரவேலுவுக்குத் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம். வருகிறவர்களுக்குக் கொடுக்க, அப்பா முப்பது வருஷம் ஓட்டிய வெள்ளை அம்பாசிடரின் மாடல் அறுபது வேண்டும். “நல்லா வந்துச்சுன்னா, இங்க என் ஃபிரெண்ட்ஸ் நிறைய பேர் கேக்குறாங்க. வருஷம் பூரா உங்களுக்கு வேலை இருக்கும்” என்றார். இது சொதப்பினால் கடையைக் காலி செய்வதைத் தவிர வழியில்லை. கடையோடு, அங்கே வேலை பார்க்கும் காத்தாயி, மலர்க்கொடி என்ற இரண்டு பெண்களின் அடுப்பும் அணையும்.

கல்யாண நாளான வெள்ளிக்கிழமை காலை ஆறரைக்குச் செம்மொழி ஒரு பெட்டியைத் திறந்து பார்த்தாள். காரின் பானட் நடுவில் சந்தனமும் குங்குமமும் இருந்தன. விரலால் துடைத்தாள். பொட்டு போயிற்று, சிவப்பு போகவில்லை. பெயின்ட் அடித்து இரண்டே நாள்தான் ஆகியிருந்தது. ஈரச் சந்தனத்தோடு குங்குமச் சாயம் வெள்ளைக்குள் இறங்கிவிட்டது. அடுத்த பெட்டியிலும் அப்படித்தான். அறுபதிலும் அப்படித்தான்.

“யாரு வச்சது?”

காத்தாயிக்கு முகம் வெளுத்தது. “நான்தாம்மா. நேத்து பெட்டியில அடுக்குறப்ப... புது வண்டியாச்சே. பொட்டு வைக்காம எப்படி வெளிய அனுப்புறது?”

“ஏன்க்கா, சக்கரத்துக்கடியில எலுமிச்சம்பழம் வைக்கலியா?” என்றாள் மலர்க்கொடி.

“வைக்கலாம்னுதான் பார்த்தேன். அவ்வளவு சின்னப் பழம் கிடைக்கல.”

செம்மொழிக்குக் கோபம்தான் வந்தது. நம் வண்டி நல்லபடியாகப் போகட்டும் என்று சாமியை வேண்டிய கையை என்னவென்று திட்டுவது? கோபத்தில் சொன்ன சொல்லைத் துடைக்கவும் முடியாது, மேலே வேறு நிறம் பூசவும் முடியாது. “எடுத்து வைங்கக்கா, பார்ப்போம்” என்று மட்டும் சொன்னாள்.

ஒரு காரின் பானட் மேல் வெள்ளை அடித்துப் பார்த்தாள். காய்ந்ததும் அது ரோஸ் நிறத்தில் சிரித்தது. பத்தரைக்குள் திருக்கடையூரில் இருந்தாக வேண்டும்.

அறுபது பெட்டியையும் பழைய ஆம்னி வேனில் ஏற்றிக்கொண்டு மூவரும் மயிலாடுதுறைக்குப் பறந்தார்கள். அங்கே கார்களுக்குப் பெயின்ட் அடிக்கும் சைபுல்லாவிடம் செம்மொழி எப்போதாவது தின்னர் வாங்குவாள், அவ்வளவுதான் பழக்கம். அவர் புழுதி புகாத அடைப்பு ஷெட்டுக்குள், அப்போதுதான் பச்சை அடித்து முடித்த ஒரு காரைச் சுற்றி வந்துகொண்டிருந்தார்.

“அண்ணே, கோயிலுக்குக் கொண்டுபோற காரு. குங்குமச் சிவப்பு மேல வருது. வெள்ளை நிக்க மாட்டேங்குது.”

சைபுல்லா ரோஸ் காரைக் கையில் வாங்கிப் பார்த்தார். “கோயிலுக்குப் போறதுக்கு முன்னாடியே பிரசாதம் வாங்கிடுச்சா உன் காரு? சிவப்பு மேல நேரா வெள்ளை அடிச்சா விடியிற வரைக்கும் அடிக்கணும்மா. முதல்ல சில்வர் அடி. அதைத் தாண்டிச் சாயம் ஏறாது. அப்புறம் வெள்ளை.”

“காயணுமேண்ணே. பத்தரைக்குத் திருக்கடையூர்.”

அவர் பச்சைக் காரைப் பார்த்தார். அறுபது பெட்டியைப் பார்த்தார். பிறகு பச்சைக் காரை மெல்லத் தள்ளி வெளியே வேப்பமரத்தடியில் நிறுத்தினார். “உள்ள வாங்க. சூடு விளக்கு நாலு இருக்கு.”

ஒவ்வொரு காரையும் பேப்பர் ஒட்டி மறைக்க நேரமில்லை. செம்மொழி ஒரு ஸ்வீட் பெட்டி மூடியில் பானட்டின் வடிவத்தை அளந்து வெட்டி எடுத்தாள். அறுபதுக்கும் அந்த ஓர் ஓட்டை போதும். காத்தாயி அட்டையைப் பிடிக்க, செம்மொழி அடிக்க, மலர்க்கொடி விளக்கடியில் வரிசை வைத்தாள். காத்தாயி பிடித்த அட்டை நகர்ந்தது. “நகர்ந்தா கோடு விழும்க்கா. அபிராமிய நினைச்சுக்குங்க.” அதன் பிறகு அட்டை அசையவில்லை.

வெளியே நெல் ஏற்றிய லாரி ஒன்று புழுதி கிளப்பிப் போனது. சைபுல்லா எட்டிப் பார்த்தார். நாக்கைக் கடித்துக்கொண்டு கதவைச் சாத்தினார்.

திருக்கடையூரிலிருந்து பிரபு மூன்று முறை கூப்பிட்டுவிட்டார். “எங்கங்க இருக்கீங்க?”

“மாயவரத்துலங்க. வேலை இன்னும் கொஞ்சம் இருக்கு. வந்துடுவோம்.” பொய் சொல்ல நாக்கு எழவில்லை.

ஒன்பதரைக்குக் கடைசிக் கார் காய்ந்தது. கிளம்பும்போது செம்மொழி காசு கொடுக்கக் கைப்பையைத் திறந்தாள். “போம்மா, முகூர்த்தம் நிக்காது” என்று சைபுல்லா விரட்டிவிட்டார்.

பத்து இருபதுக்குச் சிங்காரவேலு மாலையும் கழுத்துமாக ஒரு காரைக் கையில் எடுத்தார். வெயிலில் திருப்பினார். பானட்டைக் கட்டைவிரலால் தடவினார். மூன்று பெண்களும் எதிரே நின்று பார்த்தார்கள்.

“பிரபு, எல்லாம் சரியாத்தான்டா இருக்கு. ஒண்ணே ஒண்ணு குறையுது.”

“என்னப்பா?”

“புது வண்டிடா. பொட்டு வைக்காம குடுத்திருக்காங்க பாரு.” பக்கத்தில் இருந்த மனைவி மங்களாம்பிகையின் தட்டிலிருந்து சந்தனம் எடுத்து வைத்தார்.

காத்தாயி கோபுரத்தைப் பார்த்தபடி செம்மொழியின் இடுப்பில் நறுக்கென்று கிள்ளினாள். பிரபு அங்கேயே நண்பர்களின் நான்கு வண்டிகளின் படங்களைச் செம்மொழியின் போனுக்கு அனுப்பிவிட்டார்.

சாப்பாட்டை முடித்துத் திரும்பும் வழியில், மயிலாடுதுறையில் கொஞ்சம் சாமான் வாங்க வேண்டும் என்று மற்ற இருவரையும் பஸ் ஏற்றிவிட்டு, செம்மொழி மட்டும் வேனைச் சைபுல்லாவின் பட்டறைக்கு ஓட்டினாள். ஷெட் பூட்டியிருந்தது. சைபுல்லா ஜும்மா தொழுகைக்குப் போயிருந்தார்.

பச்சைக் கார் வேப்பமரத்தடியில் காய்ந்து நின்றது. மேலே கை வைத்துப் பார்த்தாள். ஈரப் பெயின்டில் ஒட்டிய நெல் புழுதி, மணல்போல நெருடியது. பானட், கூரை, இடது பக்கக் கதவுகள் எல்லாம் இனித் தேய்த்தாக வேண்டும். ஒரு மணி நேர வேலை.

குழாயடியில் வாளி இருந்தது. தண்ணீர் விட்டுத் தேய்க்கும் வாட்டர் பேப்பர் அவளுடைய வேனிலேயே இருந்தது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கூரையிலிருந்து ஆரம்பித்தாள். அழுத்தாமல், நிறம் கெடாமல், தண்ணீர் விட்டு விட்டு, ஒவ்வொரு மணியாக. கதவுக்கு வந்தபோது விரல் நுனி எரிந்தது. கடைசியாகக் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் முழுதும் தடவிப் பார்த்தாள். எங்கும் நெருடவில்லை.

வாளியைக் கவிழ்த்து, இருந்த இடத்திலேயே வைத்தாள். பள்ளிவாசல் பக்கமிருந்து ஆட்கள் வரத் தொடங்குவதற்குள் வேன் குத்தாலம் சாலையில் திரும்பிவிட்டது.