ஆலாத்தி கண்ட பெட்டி

சிட்னியில் லிட்கம் பக்கம் ஒரு மியூசியத்தின் களஞ்சியத்தில் தரை துடைக்கிற சிறிதரன் செய்த பிழை ஒன்றே ஒன்றுதான். கண்ணாடி அலுமாரிக்குள் இருந்த பெட்டியைப் படம் எடுத்து, "எங்கட பனையோலைப் பெட்டி மாதிரிக் கிடக்கு, பாருங்கோ" என்று தமிழ்ச் சங்கத்து வாட்ஸப்பில் போட்டுவிட்டான். வட்டப் பெட்டி. மூடியில் சிவப்பும் மஞ்சளுமாய் ஒரு நட்சத்திரம். கனடாவின் மிக்மாக் பழங்குடிப் பெண்கள் பேர்ச் மரப்பட்டையில் முள்ளம்பன்றி முள் பதித்துச் செய்தது என்று கீழே எழுதியிருந்ததும் படத்தில் தெளிவாய்த் தெரிந்தது.

தேத்தண்ணி ஆறுவதற்கு முதலே சங்கத் தலைவர் வரதராஜா அங்கிள் செவன் ஹில்ஸிலிருந்து போன் எடுத்தார். போன வருசம், அது எங்கட வளரிதான் என்று பூமராங்கைத் தமிழருக்கு மீட்டுத் தந்த மனுசன்.

"மாதிரியோ? தம்பி, அது எங்கடதேதான்."

"கனடா எண்டு போட்டிருக்கு அங்கிள்."

"கனடாவில எங்கட சனம் இல்லையோ?"

"இது அந்தக் காலத்துச் சாமான். முள்ளம்பன்றி முள்ளு."

"வன்னியில முள்ளம்பன்றி நிக்கேல்லையோ? நீர் பேசாம இரும், நான் கதைக்கிறன்."

 இவ்வளவு காலம் நிரந்தரமில்லாத கஷுவல் வேலையில் முறிந்த சிறிதரனை பெர்மனன்ட் ஆக்குவதா என்று அந்தக் கிழமைதான் பொறுப்பாளர் கேத்ரின் சொல்லப்போகிறாள்.

அங்கிள் மியூசியத்துக்கு எடுத்துக் கதைத்தார். கேத்ரின் வெலவெலத்துப் போனாள். இல்லை என்றால் ஒரு சமூகம் கோபிக்கும், ஓம் என்றால் மற்றச் சமூகம் கோபிக்கும். ஆகவே கலந்துரையாடல் என்று ஒன்றை வைத்தாள். சிட்னிக்கு வந்திருந்த ரோசலின் என்ற மிக்மாக் பெண்ணையும் கூப்பிட்டாள். இதேமாதிரிப் பெட்டி செய்கிறவள். கதிரை அடுக்கும் வேலை சிறிதரனுக்கு.

அங்கிள் பட்டுவேட்டியில் வந்தார். ரோசலின் ரீசேர்ட்டில் வந்து, மேசையில் எடுத்துவைத்திருந்த பெட்டிக்கு முன்னால் நின்றாள். தொடக் கை நீட்டியபோது, "கையுறை, ப்ளீஸ்" என்றாள் கேத்ரின்.

"இது எங்களிட்ட இருந்து உங்களுக்கு வந்த கலை" என்று அங்கிள் தொடங்கினார்.

"அப்பிடியா? முள்ளை எப்பிடி வளைப்பீங்கள்?" என்று ரோசலின் கேட்டாள்.

"அது பரம்பரை ரகசியம்."

"தண்ணியில ஊறப்போடுறது. எங்கட ஊரில சின்னப்பிள்ளைக்கும் தெரியும்."

கேத்ரின் இரண்டு பக்கமும் தலையாட்டினாள். "இரண்டுமே பெறுமதியான பார்வைகள்."

அந்த நேரம் பார்த்து அங்கிளின் மனைவி மிருணாளினி அன்ரி தட்டோடு முன்னுக்கு வந்தா. "இவ்வளவு காலம் அடைஞ்சு கிடந்த பெட்டி. நாவூறு கழிக்காமல் என்ன கதை?" வாழைப்பழத் துண்டுகளில் குத்தியிருந்த திரிகளைக் கொளுத்தி, பெட்டிக்கு ஆலாத்தி எடுக்கத் தொடங்கினா. சிறிதரன் "அன்ரி, வேண்டாம்!" என்று கத்தினான். அதற்குள் கூரையில் இருந்த புகைமணி அதைவிடப் பெரிதாய்க் கத்தியது.

எல்லோரும் கார் பார்க்குக்கு ஓடினார்கள். கேத்ரின் தன் லேப்டொப்போடு வந்தாள். அங்கிள் வேட்டியைப் பிடித்துக்கொண்டு வந்தார். அன்ரி தட்டைக் கைவிடவில்லை, ஒரு திரி இன்னும் எரிந்தது. ரோசலின் கடைசியாய் வந்தாள். பெட்டியை வெறுங்கையால் நெஞ்சோடு அணைத்தபடி வந்தாள்.

"இவையளுக்குப் பெட்டியைப் பற்றி ஆர் சொன்னது?" என்று கேத்ரின் பல்லைக் கடித்தாள்.

"எங்கட சிறிதரன்தான் கண்டுபிடிச்சவர்!" என்று அங்கிள் அவன் தோளில் தட்டினார்.

கேத்ரின் அவனைப் பார்த்தாள். சுற்றி நின்ற சமூகங்களையும் பார்த்தாள். முகத்தில் சிரிப்பை ஒட்டிக்கொண்டாள். "நல்லது சிறி. இனி நீங்கள்தான் எங்கள் சமூகத் தொடர்பாளர். சம்பளம் இல்லாத கௌரவப் பதவி."

"பெர்மனன்ட்?"

"அதற்கு இந்த வருசம் நிதி இல்லை."

ரோசலின் கார் பார்க் ஓரத்துச் சீமெந்துக் கட்டின் மேல் குந்தியிருந்தாள். பெட்டி மடியில். கண்ணை மூடிக்கொண்டு விரலால் நட்சத்திரத்தைத் தடவினாள். உதடு அசைந்தது.

"சிறி, ஓடிப்போய் அவவுக்குக் கையுறை எடுத்து வாரும்" என்று கேத்ரின் பதறினாள்.

கையுறை வாசல் மேசை லாச்சிக்குள் கிடப்பது சிறிதரனுக்குத் தெரியும். பெர்மனன்ட் ஆள் என்றால் ஓடியிருப்பான். இவன் ரோசலினின் விரலை ஒருக்கால் பார்த்துவிட்டு, வாசலைத் தாண்டி, மாடிக்குப் போய், அங்கே அவசரமில்லாமல் ஆறுதலாய்த் தேடிக்கொண்டிருந்தான்.