கு. பூங்கோதையின் நடை

பூங்கோதை தன் நடையைப் பழைய செயலியிலிருந்து புதிய செயலிக்கு மாற்ற மறந்துவிட்டாள். ஆகவே திங்கட்கிழமை காலை அவளுக்கு நடக்கத் தெரியவில்லை.

கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, தரையில் ஊன்றிய பாதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வலி இல்லை, வீக்கம் இல்லை. எதை முதலில் தூக்குவது என்பதுதான் தெரியவில்லை. கணவர் தெய்வசிகாமணி காபியோடு வந்தார்.

“சிங்க் பண்ணலையா?”

“புது வாட்ச்சைக் கட்டிக்கிட்டு அப்படியே படுத்துட்டேங்க.”

“படிச்சுப் படிச்சுச் சொன்னேன். போன வருஷம் என் தூக்கத்துக்கு என்ன ஆச்சு?”

போன வருஷம் அவர் தூக்கத்தை மாற்றாமலே பழைய போனை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டார். அதை வாங்கிய ஆள் மத்தியானத்தில்கூட நன்றாகத் தூங்குகிறான் என்று கேள்வி. தெய்வசிகாமணி அன்றிலிருந்து புதிதாகச் சேர்த்த தூக்கத்தைத்தான் கொஞ்சம் கொஞ்சமாகத் தூங்குகிறார்.

பூங்கோதையின் விஷயத்தில் அவசரம் இருந்தது. பழைய செயலியை அன்று மதியத்தோடு மூடுகிறார்கள். அதற்குள் நடை வந்து சேராவிட்டால் அவள் தவழ்வதிலிருந்து தொடங்க வேண்டும். மேல்மாடி வீட்டுக்காரர் போன ஆடியில் தொடங்கியவர்; இப்போதுதான் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

பூங்கோதை போனை எடுத்து, ஒத்திசைக்கும்படி தட்டினாள். சிறிய வட்டம் ஒன்று சுற்றியது. பிறகு புதிய செயலி கேட்டது: ‘கு. பூங்கோதை, தெ. பூங்கோதை இருவரும் ஒருவரா?’

பழைய செயலியில் அவள் பள்ளிச் சான்றிதழில் உள்ளபடி அப்பா குமரவேலின் இனிஷியலோடு பதிந்திருந்தாள். புதியதில் ரேஷன் கார்டில் உள்ளபடி கணவரின் இனிஷியல் இருந்தது. இதை அவள் யோசிக்கவே இல்லை.

“தெ. பூங்கோதை ஓர் அடிகூட நடந்ததில்லைன்னு போட்டிருக்குங்க.”

“ரேஷன் கடைக்குப் போனது?”

“கு.”

“மார்கழியில வாசலுக்குப் போய்க் கோலம் போட்டது?”

“அதுவும் கு. தான்.”

தெய்வசிகாமணிக்குத் தூக்கிவாரிப்போட்டது. காபி தளும்பிச் சட்டையில் சிந்தியது.

“அப்ப கல்யாணம் ஆகாத பொண்ணு இத்தனை வருஷமா இந்த வீட்டுக்குள்ள நடமாடியிருக்கு! உங்க அப்பாவுக்குத் தெரியுமா?”

“தெரிஞ்சா வெட்டிப் போட்டுடுவார்.”

அவர் உடனே போய் வாசல் கதவை விரியத் திறந்து வைத்தார். வயசுப் பெண் இருக்கும் வீட்டில் அந்நிய ஆண் ஒருவன் கதவைச் சாத்திக்கொண்டு இருப்பது முறையல்ல.

பூங்கோதை ‘ஆம்’ என்று தட்டியிருந்தாள். செயலி அத்தாட்சி கேட்டது: ‘இருவரும் சேர்ந்து இருக்கும் படத்தைப் பதிவேற்றவும்.’

தெய்வசிகாமணி பரணிலிருந்து கல்யாண ஆல்பத்தை இறக்கினார். தேவையான படம் ஒன்றுதான் இருந்தது. அதில் மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போட்டுக் கையை எடுத்துவிட்டார். மற்ற இரண்டு முடிச்சுகளையும் போட, அவர் தங்கை விசாலம் மணப்பெண்ணின் பின்னால் தாலிக் கயிற்றைப் பிடித்தபடி நிற்கிறாள். கணவர் இனிஷியல் வந்துவிட்டது. அப்பா இனிஷியல் இன்னும் போகவில்லை. அந்த ஒரு நொடியில் இரண்டு பூங்கோதைகளும் மணையில் இருந்தார்கள்.

படம் போனது. பதிலும் வந்தது: ‘இருவரும் ஒரே படத்தில் சேர்ந்து இருக்கிறார்கள். ஆகவே இவர்கள் இருவர். நடை கு. பூங்கோதைக்கு உரியது. நீங்கள் யார்?’

கீழே இரண்டு பொத்தான்கள் இருந்தன.

“தெ.வைத் தட்டினா?” என்றார் தெய்வசிகாமணி.

“இங்கேயே உட்கார்ந்திருப்பேன். நீங்கதான் எல்லாத்தையும் எடுத்துக் குடுக்கணும்.”

“குடுக்கறேன். எனக்கென்ன வேலை? காபிகூடப் போடறேன்ல?”

“காபி நல்லாத்தான் இருக்கு” என்று சொல்லிவிட்டுப் பூங்கோதை கு.வைத் தட்டினாள்.

அவள் கொஞ்சம்கூடத் தயங்கவில்லை. நடை வந்து சேர்ந்தது. அவள் எழுந்தாள். கூடத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். திரும்பும்போது ஒரு துள்ளல் இருந்தது. அது இந்த வீட்டில் கற்ற துள்ளல் இல்லை. ஆல்பத்தில் இருந்த மணப்பெண்ணும் மணையிலிருந்து எழுந்து, பட்டுப்புடவைக் கொசுவத்தைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, படத்தின் வலப்பக்க ஓரத்தைத் தாண்டிப் போனாள்.

பூங்கோதை செருப்பை மாட்டினாள்.

“போறேன்” என்றாள்.

தெய்வசிகாமணி ஆடிப்போனார். படம் காலியானதற்கு இல்லை, அந்தச் சொல்லுக்கு. இத்தனை வருஷத்தில் பால் வாங்கக் கிளம்பும்போதுகூட அவள் போயிட்டு வரேன் என்றுதான் சொல்லியிருக்கிறாள்.

“போயிட்டு வரேன்னு சொல்லு, பூங்கோதை.”

திறந்த கதவு வழியாக அவள் படிகளில் இறங்கும் சத்தம் கேட்டது. ஒன்று விட்டு ஒன்று தாண்டி இறங்கினாள்.

போன் அடித்தது. விசாலம்.

“அண்ணா, அண்ணி எங்கே? கயிறு கையில இருக்கு, கழுத்தைக் காணோம். எவ்வளவு நேரம் பிடிச்சுக்கிட்டே நிக்கறது? மேளக்காரர் வேற நிறுத்த மாட்டேங்கறார்.”

“மாப்பிள்ளை பக்கத்துல இருக்காரா?”

“இங்கேதான் முழிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கார்.”

“அவர்கிட்ட போனைக் குடும்மா.”

மேளச் சத்தத்துக்கு நடுவே அவருடைய குரலே இளமையாக வந்தது.

“சொல்லுங்க சார்.”

“தம்பி, பொண்ணு எந்திரிச்சுப் போயிட்டா.”

“பார்த்தேன் சார். ஏதாவது சொல்லிட்டுப் போனாங்களா?”

தெய்வசிகாமணி தெருவை எட்டிப் பார்த்தார். பூங்கோதை முனையைத் திரும்பிக்கொண்டிருந்தாள்.

“போறேன்னு சொன்னா.”

அந்தப் பக்கம் யாரோ மாப்பிள்ளையைப் பந்திக்குக் கூப்பிட்டார்கள்.

“இலை போட்டுட்டாங்க சார். நான் போய் உட்காரலாமா?”

“உட்காரு தம்பி. நல்லா சாப்பிடு.”